நினைவேக்கமும் கூட்டிசையும்: வன்னிக் கடற்கரைப் பாடல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

இளமையில் கடலாடித் திரிந்த பகல்களையும், தோழரோடு வெட்டவெளியில் அடுப்பு மூட்டி உண்டுறங்கிய இரவுகளையும் ஒரு பாட்டுத் திடீரென மீட்டுத் தருதல் பலரும் அறிந்த அனுபவம். பாட்டின் முதலடி காதில் விழுந்த மாத்திரத்தே உப்புக்காற்றும் விறகுப்புகையும் நினைவில் எழுகின்றன. எங்கெங்கோ சிதறிவிட்ட முகங்கள் ஒருங்கு கூடுகின்றன. நினைவேக்கம் என நாம் இங்குக் குறிப்பது இவ்வுணர்வையே. மரபுவழி இரசனையாளர் இதனைத் தனிமனித உள்ளத்தின் மென்மை எனப் போற்றுவர். முற்போக்கு விமரிசகருட் பலரோ இதனை ஐயத்தோடு நோக்கினர். இறந்தகாலத்துக்கு ஏங்குவோன் எதிர்காலத்தை ஆக்க முன்வரான் என்பது அவர்தம் வாதம். இவ்விரு சாராரும் அடிப்படையான ஒரு வினாவை எழுப்பத் தவறிவிடுகின்றனர். ஏக்கம் எதனை நோக்கி எழுகின்றது? ஓர் இடத்தையா, ஒரு வயதையா, அன்றி மனிதர் ஒருவரோடொருவர் கூடியிருந்த ஒரு முறைமையையா?

இவ்வினாவை ஆராய வன்னிப் பெருநிலம் மிகப் பொருத்தமான களமாகும். கடற்கரையில் கொட்டிலிட்டுத் தங்குதல் என்றால் வேறு பல நாடுகளில் விடுமுறை நினைவுக்கு வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மக்களுக்கோ அது தொழிலையும் வழிபாட்டையும் நினைவூட்டும். 2009க்குப் பின்னர் பேரிழப்பையும் நினைவூட்டும்.

2

முதற்கண் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். நினைவேக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் ‘நொஸ்ரால்ஜியா’ என்னும் சொல் கவிஞர் ஆக்கியதன்று. 1688இல் பாசல் நகரில் யொகான்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் தமது ஆய்வேட்டில் ஒரு நோயின் பெயராக அதனை ஆக்கினார். பிறந்த ஊரைப் பிரிந்து அந்நிய மண்ணில் வாழ்ந்த சுவிற்சர்லாந்தினரிடம், குறிப்பாகக் கூலிப்படையினரிடம், அந்நோய் காணப்பட்டதாகக் கருதப்பட்டது. 1768இல் வெளிவந்த தமது இசை அகராதியில் ரூசோ ஒரு செய்தியைத் தருகிறார். அல்ப்ஸ் மலை இடையர் மாடுகளை அழைக்கப் பாடும் மெட்டொன்றைக் கேட்டால் இப்படையினர் அழுவர், படையை விட்டு ஓடுவர், மடிந்தும் போவர். ஆதலின் அதனை அவர்களிடையே இசைத்தல் தடை செய்யப்பட்டிருந்தது என்பது அச்செய்தி. அம்மெட்டின் வலிமை அதன் இசையமைதியில் இல்லை என்பதும், அது ஒரு நினைவுக்குறியாகவே தொழிற்படுகின்றது என்பதும் ரூசோவின் விளக்கம்.

இதில் இரு உண்மைகள் மனங்கொளத்தக்கன. நோயை எழுப்பிய மெட்டு ஒரு தொழிற்பாட்டு. நோயுற்றவர், மலைநாட்டின் வறுமையால் தம் உயிரையே கூலிக்கு விற்க நேர்ந்த குடியானவரின் மைந்தர். எனவே அவர் ஏங்கியது மலைக்காட்சிக்கு மட்டுமன்று. தமது உழைப்பு தமது சுற்றத்தோடு பிணைந்திருந்த வாழ்வுக்குமாகும். நினைவேக்கம் பிறக்கும்போதே உற்பத்தி உறவுகளின் சிதைவோடு பிறந்தது எனல் மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுணர்வு சந்தைப் பண்டமாயிற்று. 1961இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘பீச் போய்ஸ்’ குழுவினர் கடலலைச் சறுக்கு விளையாட்டைப் பாடி உலகப் புகழ் ஈட்டினர். அக்குழுவினருள் உண்மையில் அலைச்சறுக்குப் பயின்றவர் டெனிஸ் வில்சன் ஒருவரே. 1963இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற அலைச்சறுக்குப் பாடலின் மெட்டோ, கறுப்பினக் கலைஞரான சக் பெரி 1958இல் பாடிய பாடலொன்றுக்கு உரியது. அலைச்சறுக்கும் ஹவாய்த் தீவின் பூர்விக மக்களிடமிருந்து வந்ததே. இவ்வாறு பிறர் ஆக்கிய மெட்டும் பிறர் கண்ட விளையாட்டும், போருக்குப் பிந்திய செழிப்பில் திளைத்த நடுத்தர வர்க்க இளைஞரின் இன்பமாக உருமாற்றப்பட்டன. 1974இல், வியட்நாம் போரும் எண்ணெய் நெருக்கடியும் அமெரிக்காவை அலைக்கழித்த வேளையில், அதே பழைய பாடல்கள் தொகுக்கப்பட்டு மறுபடி விற்பனையில் முதலிடம் பெற்றன. இழந்த இளமை இசைத்தட்டாக விற்கப்பட்டது. அந்த இளமையைத் தாங்கி நின்ற உழைப்பு எவருடையது என்பது இசைத்தட்டில் இல்லை.

3

தமிழிலும் கடற்கரைக் கூடாரமும் இசையும் இணைந்த பெருங்காட்சி ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையும் கானல்வரியும் அக்காட்சியைத் தருகின்றன. இந்திரவிழா முடிவில் புகார் நகரத்தார் கடலாடச் செல்கின்றனர்; கடற்கரையில் திரைகளால் மறைத்த தங்குமிடங்கள் எழுகின்றன; புன்னை நிழலில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுகின்றனர். இளங்கோ இவ்வின்பக் காட்சியோடு நின்றுவிடவில்லை. இரவில் அக்கரையில் ஒளிர்ந்த விளக்குகளை அவர் வரிசைப்படுத்துகிறார். சாந்து விற்போர், கம்மியர், பிட்டும் அப்பமும் சுடுவோர், மீன் விற்போர், திமிலேறி மீன் பிடிப்போர் என ஒவ்வொரு தொழிலாளர்க்கும் ஒரு விளக்கு அங்கு உண்டு. பொழுதுபோக்கின் நடுவே உழைப்பின் ஒளியைக் காட்டிய பெருமை அவருக்கு உரியது. மேலும் கோவலனுக்கு ஓய்வாக அமைந்த இசை மாதவிக்குக் குலத்தொழில். கண்ணகியோ அக்கரைக்கு வரவே இல்லை; அவள் வீட்டில் தனித்திருந்தாள்.

வன்னி மக்கள் தெய்வமாகக் கொண்டாடுவது அக்கரைக்கு வராத அப்பெண்ணையே என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் கண்ணகை அம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்த பின் ஈழம் வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடமாதலின் பத்தாம்பளை எனப்பட்டு, அது வற்றாப்பளை ஆயிற்று என்பர். தலக்கதை வருமாறு: நந்திக்கடலோரம் மாடு மேய்த்த இடைச்சிறுவரிடம் ஒரு மூதாட்டி வந்து சேர்கிறாள். சிறுவர் அவளுக்குப் பொங்கிப் படைக்கின்றனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது, கடல்நீரை அள்ளி விளக்கெரிக்குமாறு அவள் கூறுகிறாள், விளக்கு எரிகின்றது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரிக்கும் மரபு பேணப்படுகின்றது.

மேய்ச்சற் சிறுவர் கரையில் தங்கிச் சமைத்து உண்ணும் காட்சியே இக்கதையின் கரு. புகார்க் கரையில் தங்கியவர் செல்வர். நந்திக்கடற் கரையில் தங்கியவர் மாடு மேய்த்த பிள்ளைகள். அல்ப்ஸ் இடையரின் மெட்டுக் கூலிப்படையினரை அழவைத்ததுபோல, இவ்விடைச்சிறுவரின் கதையும் வன்னியை விட்டு அகன்றோரை இன்றும் ஈர்க்கின்றது. மாட்டுவண்டி கட்டி வந்து மணலில் இறங்கி, பானை வைத்து, விடியும்வரை விழித்திருந்த பொங்கல் இரவுகளே முன்னைத் தலைமுறையினரின் இளமைப் பயணங்கள். சிலம்பு கூறலும், முல்லைமோடி எனப்படும் மரபில் ஆடப்பட்ட கோவலன் கூத்தும் அப்பயணங்களின் இசை.

4

வழிபாட்டுக்கு அப்பால், அன்றாடத் தொழிலிலும் இத்தகைய தங்கலும் பாட்டும் இணைந்திருந்தன. வயற்காவல் இவற்றுள் ஒன்று. காட்டுப் பன்றியும் யானையும் பயிரை அழிக்காவண்ணம் இளைஞர் காவற்கொட்டிலிலும் பரணிலும் இரவைக் கழித்தனர். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு முதலான வன்னிப் பாடல்கள் விலங்கோடும் பறவையோடும் விளைச்சலுக்காக நிகழ்ந்த போராட்டத்தின் கலைவடிவங்கள். அருவி வெட்டிலும் சூடு மிதிப்பிலும் தொழிலின் அசைவே பாட்டின் தாளத்தை வகுத்தது. தாளம் கூட்டுழைப்பில் தோன்றியது என்னும் கருத்தைக் கார்ல் பியூஹர் 1896இல் விரிவாக முன்வைத்தார். அதனை மார்க்சிய அடிப்படையில் வளர்த்தெடுத்தவர் ஜோர்ஜ் தொம்சன். பேராசிரியர் கைலாசபதிக்குப் பேர்மிங்காமில் வழிகாட்டிய அறிஞர் அவரே. அக்கருத்துக்கு வன்னிக் களங்கள் தெளிவான சான்று பகரும்.

கரைவலைத் தொழில் இன்னுஞ் சிறந்த சான்று. தோணியில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்து விட்டபின், கரையில் இரு குழுவினர் இரு கம்பாக் கயிறுகளையும் பிடித்து மடி கரையேறும்வரை இழுப்பர். பலர் ஒரே கணத்தில் வலுவைச் செலுத்தாவிடில் வலை அசையாது. அக்கணத்தை அறிவிப்பதே அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். ஏற்றுப் பாடும் அசையில் கயிறு இழுபடும். கேலியும், காதலும், சம்மாட்டியைக் குத்திக்காட்டும் சொல்லும் அதில் இடம்பெறும். பாட்டின்றி வேலை நடவாது என்பதனால் பாட்டுக்குள் கூறியதைச் சம்மாட்டியும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சோளகக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியுறும். அக்காலத்தில் கொக்கிளாய், நாயாறு முதலிய கரைகளில் வாடிகள் எழும். நீர்கொழும்பு, சிலாபம் போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்தும் மீனவர் வந்து தங்குவர். அவர்களுள் தமிழும் சிங்களமும் இயல்பாக வழங்கியோர் இருந்தனர். வாடி வாழ்க்கையை நாம் இலட்சியமயப்படுத்தல் ஆகாது. முன்பணக் கடனும் பங்கீட்டு ஏற்றத்தாழ்வும் தொழிலாளியைச் சம்மாட்டியோடு பிணைத்திருந்தன. பெண்கள் கருவாடு உலர்த்தியும் மீன் சுமந்தும் உழைத்தனராயினும் வாடியின் இரவுப் பாட்டில் அவர்க்கு இடமில்லை. கண்ணகியின் தனிமை இங்கும் தொடர்ந்தது. எனினும் ஒன்றாக இழுத்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பாடிய அவ்வாழ்வு அதில் பங்குகொண்ட இளைஞருக்கு மறக்கவொண்ணாத தோழமையை அளித்தது. பிற்காலத்தில் அம்பாவின் ஓர் அடியைக் கேட்டதும் முதியவரொருவர் கண்கலங்குவது இத்தோழமைக்காகவே.

5

1960களின் பிற்பகுதியிலிருந்து வன்னிக்கு வேறொரு வகை இளைஞர் வந்து சேர்ந்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் அமைந்தன. படித்தும் வேலை கிட்டாத யாழ்ப்பாணத்து இளைஞர் காடு வெட்டி, கொட்டிலிட்டு, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடு அப்பயிர்களுக்கு நல்ல விலையைத் தந்தது. 1977இல் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரம் அவ்விலையைச் சரித்தது. அக்கொட்டில்களின் தோழனாக விளங்கியது திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டி. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் அக்காலத்தே எழுந்த புதிய அலை, ‘பொப்’ இசை எனவும் துள்ளிசை எனவும் பெயர் பெற்றது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. பாடசாலைச் சுற்றுலாப் பேருந்துகளிலும், பல்கலைக்கழக மாணவரின் கடற்கரைப் பயணங்களிலும் தகரத்தைத் தட்டிப் பாடுதற்கு இவற்றைவிட ஏற்றவை இருக்கவில்லை.

இப்பாடல்களை மேனாட்டுப் போலி என்று ஒதுக்கியோர் உளர். வரலாறு வேறு கூறுகின்றது. இவற்றுக்கு ஊற்றான பைலா, போர்த்துக்கேயரோடும் அவர் கொணர்ந்த ஆபிரிக்க மக்களோடும் இலங்கைக்கு வந்த ஆடலிசை. கரையோர உழைக்கும் மக்களிடையே வழங்கிய அதனை 1940களில் வோலி பஸ்ரியன் சிங்கள மேடைக்கு உரியதாக்கினார். ‘சுராங்கனி’ பாடலின் பொருளோ, காதலிக்காகக் கொண்டுவந்த மீன். சிங்களச் சொற்களில் அமைந்த அப்பாட்டைத் தமிழ் இளைஞரும் தயக்கமின்றிப் பாடினர். 1977இல் அது தமிழகத் திரைப்படமொன்றிலும் புகுந்தது. மீன் பாட்டில் இருந்தது; மீனைப் பிடித்தவன் பாட்டில் இல்லை. வாடியின் தோழமை சுற்றுலாவின் களிப்பாக மாறியபோது நிகழ்ந்த இழப்பு இதுவே. ஆயினும் இரு மொழியாரும் சேர்ந்து பாடக்கூடிய ஒரு மெட்டு நம்மிடம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

6

அம்மெட்டு நிலைத்திருக்கக்கூடிய சமூக அடித்தளம் விரைவில் தகர்ந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறு வாடிகளில் தங்கியிருந்த சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்டனர். ஒரே கயிற்றை இழுக்கக்கூடியோர் எதிரெதிர் அணியினராக ஆக்கப்பட்டமை இந்நாட்டு உழைக்கும் மக்களின் வரலாற்றிற் பெருந்துயர்.

1990இன் பின் நீண்ட பொருளாதாரத் தடை வன்னியைச் சூழ்ந்தது. மின்சாரம் இல்லை, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அந்நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் பெற்றுப் பாட்டுக் கேட்டனர். சுற்றுபவர் களைத்தால் பாட்டு இழுபட்டு ஓயும். வேறொருவர் வந்து சுற்றுவார். இசைத்தட்டும் வானொலியும் உழைப்பிலிருந்து பிரித்துவிட்ட இசை, தடைக்காலத்தில் மீண்டும் கூட்டுழைப்பின் பயனாயிற்று. அத்தலைமுறையினர் இன்று தொரொன்ரோவிலோ பாரிசிலோ அப்பாடல்களைக் கேட்கும்போது, பாடகரின் குரலோடு டைனமோவின் இரைச்சலும் அவர்தம் செவியில் ஒலிக்கின்றது. வறுமைக்காக எவரும் ஏங்குவதில்லை. முறைவைத்துச் சுற்றிய கைகளுக்காகவே ஏங்குகின்றனர்.

அதே காலத்தில் வன்னி இளைஞர் பலருக்குக் காட்டில் தங்குதல் என்பது போராளி முகாமாக இருந்தது. சிலர் விரும்பிச் சென்றனர். சிலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். இயக்கப் பாடல்கள் முன்னவருக்குத் தோழமையை நினைவூட்டும். பின்னவரின் தாய்மாருக்கோ பறிக்கப்பட்ட பிள்ளையை நினைவூட்டும். ஒரே மெட்டு இருவேறு உணர்வுகளை எழுப்புதல், நினைவேக்கம் மெட்டுக்குள் உறையும் பண்பன்று என்பதை ஐயமற உணர்த்துகின்றது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தழித்தது. 2009இல் மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய மணற்பரப்பில் பெருந்தொகை மக்கள் தறப்பாள்களின் கீழும் பதுங்குகுழிகளிலும் ஒடுங்கினர். எண்ணற்றோர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். கடற்கரை, கொட்டில், திறந்த அடுப்பு என்னும் இளமை நினைவின் பொருள்கள் அனைத்தும் சாவின் பொருள்களாயின.

7

இத்தகைய மண்ணில் நினைவேக்கம் சாத்தியமா? சாத்தியம் மட்டுமன்று, அது ஓர் உரிமைக்குரலாகவும் அமைகின்றது என்பதே எமது கருத்து. ஒவ்வோராண்டும் மே 18இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சிப் பகிர்கின்றனர். அதே வைகாசியில், அதே நந்திக்கடலின் மறுகரையில், வற்றாப்பளையில் பொங்கற்பானை ஏறுகின்றது. ஒன்று துயரின் நினைவு. மற்றையது வழிபாட்டின் களிப்பு. இரண்டிலும் கரையில் அடுப்பு மூட்டிக் கூடியிருத்தலே உயிர்நாடி. 2017இல் கேப்பாப்பிலவு மக்கள் தம் காணிகளை மீட்கப் படைமுகாமின் எதிரே கொட்டிலிட்டு இரவும் பகலும் இருந்தனர். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்பிரலில் படகேறிச் சென்று தமது தீவில் இறங்கித் தங்கினர். இளமையில் கண்ட கரையை மீண்டும் காண விழைதல் இங்கு நிலவுரிமைக் கோரிக்கையோடு இரண்டறக் கலக்கின்றது. பின்னோக்கி ஏங்குவோன் முன்னோக்கி நடவான் என்னும் வாதத்தை இம்மக்களின் நடைமுறை மறுத்துரைக்கின்றது.

ஆயினும் எல்லா ஏக்கமும் இத்தகையதன்று. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரும்’ என்னும் நூலில், ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முன்னர்தான் பொற்காலம் மறைந்தது எனக் கூறிவருவதை எடுத்துக்காட்டினார். அப்பொற்காலங்களில் உழைத்தோரின் நிலை என்ன என்பதே அவர் எழுப்பிய வினா. வன்னிப் பாடல்களை நோக்குமிடத்தும் நாம் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். பாட்டு நினைவூட்டும் இன்பம் எவருடைய உழைப்பின்மேல் நின்றது? அக்கரைக்கு வரவியலாது வீட்டிலிருந்தோர் யாவர்? அவ்வேக்கம் கேட்போரை மீண்டும் கூடச் செய்கின்றதா, அன்றித் தனித்திருந்து பெருமூச்செறிய விடுகின்றதா?

இன்று கரைவலையை இழுக்க உழவு இயந்திரத்திற் பொருத்திய சுழலி வந்துவிட்டது. முதுகெலும்பை முறித்த பாரம் குறைந்தது நன்மையே. எந்திரத்தை எதிர்த்து அம்பாவைக் காக்க முயல்வது வீண். ஆனால் எந்திரம் உடையோனிடம் பாடும் கரையும் சேர்ந்து குவியும்போது, தொழிலாளி வேலையையும் பாட்டையும் ஒருசேர இழக்கிறான். ஆதலின் அம்பாவை ஒலிப்பதிவு செய்வதோடு எம் மாணவரின் பணி முடிந்துவிடாது. யார் அடியெடுத்தார், எத்தனைபேர் இழுத்தனர், பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது, அப்போது பெண்கள் எங்கிருந்தனர் என்பனவும் பாட்டோடு சேர்த்துப் பதியப்படல் வேண்டும். அடியெடுத்துக் கொடுக்கத் தெரிந்த முதியோர் சிலரேனும் வன்னிக் கரைகளில் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.